தாளம் இல்லாத இடத்தில் தீர்மானம்

ஒரு தவில்காரர் தீர்மானம் வைக்கும்போது பக்கத்தில் இருக்கிற நாதஸ்வரக்காரருக்கு எங்கே வந்து சேர்வது என்று முன்னரே தெரியும். ஒரே சொற்கட்டு மூன்று தரம் வரும், மூன்றாவதன் கடைசி அடி எடுப்பில், அதாவது தாளத்தில் பாட்டுத் தொடங்குகிற இடத்தில் விழும். செட்டியார் தெருக் கோவில் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்கிறவருக்கும் அது விளங்கும், தலை தானாக ஆடிவிடும். ஃப்ரீ ஜாஸில் அந்த எடுப்புக் கிடையாது. ஆவர்த்தனம் இல்லை, கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) வரிசை இல்லை, பன்னிரண்டு பார் முப்பத்திரண்டு பார் என்று சுற்றி வருகிற சக்கரமும் இல்லை. ஆனாலும் சாக்சபோன், பேஸ், ட்ரம்ஸ் என்று மூன்று பேர் நாற்பது நிமிடம் வாசித்துவிட்டு ஒரே கணத்தில் நிறுத்துகிறார்கள். எப்படி நிறுத்துகிறார்கள் என்பதுதான் இந்த இசையில் பழக வேண்டிய முக்கியமான காரியம். கொழும்பில் சிறு குழுவாக இதைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சாக்சபோனின் ரீட்டில் (ஊதுகிற நாணல் நாக்கில்) இருந்து கடைசி மௌனம் வரை எல்லாம் அந்த ஒரு காரியத்துக்குத்தான் போய்ச் சேருகின்றன.

"ஃப்ரீ" என்ற சொல்லைப் பிழையாக விளங்கிக்கொள்கிறவர்கள் அதிகம். எதையும் தீர்மானிக்காமல் மேடையேறுவது என்று நினைக்கிறார்கள். இந்த இசைக்குப் பெயரைக் கொடுத்த இசைத்தட்டையே எடுத்துப் பாருங்கள். ஓர்னெட் கோல்மன் 1960 டிசம்பர் 21ஆம் திகதி நியூயோர்க்கில் இரண்டு நால்வர் குழுக்களை ஒன்றாக நிறுத்தி, ஒன்றை இடது ஸ்பீக்கரிலும் மற்றதை வலது ஸ்பீக்கரிலும் வைத்துச் சுமார் 37 நிமிடம் இடைவிடாமல் பதிவுசெய்தார். அதற்குள் ஒவ்வொருவரும் தனியாக எழும்புமுன் எல்லோரும் சேர்ந்து ஊதுகிற சிறு பகுதி ஒன்று வருகிறது. வழி தவறாமல் இருக்க அந்தப் பகுதிதான் மைல்கல். 1967 பெப்ரவரியில் ஜோன் கோல்ட்ரேன் ட்ரம்ஸ்காரர் ரஷீத் அலியோடு இருவராக மட்டும் வாசித்தபோது கையில் சிறு மணிகளைக் கிலுக்கிவிட்டுத் தொடங்கினார். 1964 ஜூலையில் ஆல்பர்ட் ஐலர், கேரி பீகொக், சனி மரே மூவரும் பதிவுசெய்ததில், சின்னப் பிள்ளையும் பாடக்கூடிய மெட்டு ஒன்றில் இருந்து புறப்பட்டுப் போய்த் திரும்பி வருகிறார்கள். சுதந்திரம் நடுவில் இருக்கிறது. ஓரங்களை அவர்கள் அக்கறையோடு கட்டிவைத்திருக்கிறார்கள்.

குழுவுக்கு மூன்று பேர் போதும். டெனர் அல்லது ஆல்டோ சாக்சபோன் ஒன்று, டபுள் பேஸ் ஒன்று, சிறிய ட்ரம் செட் ஒன்று. நான்காவதாக ட்ரம்பெட் வரலாம், கிற்றாரும் வரலாம். பியானோவை மட்டும் ஆரம்பத்தில் சேர்க்க வேண்டாம் என்பேன். பியானோவில் ஒரு கோர்ட் விழுந்தவுடன் சாக்சபோன்காரரின் காது அதற்குள் பொருந்துகிற சுரங்களைத் தேடத் தொடங்கிவிடும், அதன் பின் வெளியே வருவது கஷ்டம். கோல்மனின் 1959ஆம் ஆண்டு நால்வர் குழுவில் பியானோ இல்லாததற்கு அர்த்தம் உண்டு. கொழும்பில் டபுள் பேஸ் கிடைப்பது அரிது, எலெக்ட்ரிக் பேஸோடு சமாளிக்கலாம். ஆனால் வில் போட முடியாது, உடம்பைத் தட்டி ஒலி எடுக்கவும் முடியாது. அதனால் எலெக்ட்ரிக் பேஸ்காரர் தன் ஒலிகளைப் புதிதாகத் தேடிவைத்திருக்க வேண்டும்: ஃப்ரெட்டுக்கு மேல் மெதுவாகத் தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்ஸ், பாலத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் அடக்கிய தட்டல், வொல்யூம் குமிழைப் பூச்சியத்தில் வைத்துத் தந்தியை மீட்டிய பின் மெல்லத் திறப்பது. ட்ரம்ஸ்காரருக்கு ஸ்னேர், பாஸ் ட்ரம், ஹை-ஹாட், இரண்டு சிம்பல் தாராளம். ஸ்டிக், பிரஷ், மலெட் மூன்றையும் எட்டுகிற தூரத்தில் வைக்க வேண்டும். குனிந்து தேடுகிற மூன்று வினாடிக்குள் இசை வேறு இடத்துக்குப் போய்விடும்.

தவில் வைக்கலாமா என்று தமிழர்கள் கூடுகிற இடத்தில் எப்போதும் ஒரு குரல் வரும். வைக்கலாம். ஆனால் விரற்கூடு போட்ட தவில் சிறிய அறையில் டெனரை அப்படியே விழுங்கிவிடும். கூட்டைக் கழற்றி வெறும் விரலாலும் உள்ளங்கையாலும் வாசித்தால் வேறு வாத்தியம் போலவே பேசும். நம் நாட்டிலேயே வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். பலிஃபொனிக்ஸ் குழு தென்பகுதிச் சிங்களவர்களின் சாந்திச் சடங்கான பலியின் பறையையும் பாட்டையும் டபுள் பேஸோடும் ட்ரம் செட்டோடும் ஒன்றாக நிறுத்தியது. அந்தக் குழுவின் ட்ரம்ஸ்காரர் சுமுதி சுரவீர. சடங்கைப் பின்னணி அலங்காரமாக வைக்காமல் சமமாக நிறுத்தினார்கள் என்பதை அக்கறையோடு கேட்க வேண்டும்.

இனி ரீட்டுக்கு வருவோம். கொழும்பில் சாக்சபோன்காரரின் பாதிக் கவலை அதுதான். நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே இதுவும் நாணல் தட்டை. சீவாளிக்கு இரண்டு நாக்கு, ரீட்டுக்கு ஒன்று. தண்ணீரைக் குடித்தால் வீங்கும், காய்ந்தால் நுனி அலை அலையாக நெளியும். வெள்ளவத்தை வீட்டில் கடற்காற்றுப் படுகிற அறையில் நன்றாக ஊதிய ரீட், ஏசி போட்ட மண்டபத்தில் முதற்பாகம் முடிந்து பதினைந்து நிமிடம் மவுத்பீஸில் சும்மா இருந்தால், இரண்டாம் பாகத்தின் முதல் மூச்சில் கீச்சிடும். நுனி நெளிந்துவிட்டது, அவ்வளவுதான். இடைவேளையில் மவுத்பீஸுக்கு மூடியைப் போட்டுவிடுங்கள். மேடையேற இரண்டு நிமிடத்துக்கு முன் ரீட்டை வாயில் வைத்து நனையுங்கள். நான்கு ரீட்டில் பென்சிலால் 1, 2, 3, 4 என்று இலக்கமிட்டு நாளுக்கு ஒன்றாக மாற்றிப் பாவிக்க வேண்டும். புது ரீட்டை முதல் நாள் ஐந்து நிமிடம், அடுத்த நாள் பத்து நிமிடம், அதற்குமேல் வேண்டாம். ஊதி முடிந்தபின் துடைத்துத் தட்டையான, காற்றுப் புகுகிற பெட்டியில் வைக்க வேண்டும். மூடிய பிளாஸ்டிக் உறையில் வைத்தால் நம் ஈரப்பதத்துக்குக் கரும்புள்ளி பூஞ்சணம் பிடித்துவிடும். பிடித்ததை எறிந்துவிடுங்கள், வாயில் வைக்கிற பொருள் அது.

இந்த இசைக்கு ரீட்டின் பலத்தையும் யோசித்து எடுக்க வேண்டும். மெலிந்த ரீட்டில் உரத்து ஊதினால் அது மவுத்பீஸோடு ஒட்டிக்கொள்ளும், உச்சக் கட்டத்தில் திடீரென்று சத்தமே வராமல் போகும். தடித்த ரீட்டில் அடித்தொண்டைக் குசுகுசுப்பை எடுக்க முடியாது. ரீட்டின் பலம் 2½ அல்லது 3, டெனருக்குச் சுமார் 2.5 மில்லிமீற்றர் வாய்திறப்புள்ள மவுத்பீஸ் என்றால் இரண்டு பக்கமும் கைக்குள் நிற்கும். செயற்கை ரீட் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருங்கள். நாணலின் நிறம் அதில் வராது, ஆனால் மழையென்றும் ஏசியென்றும் பார்க்காமல் முதல் மூச்சிலேயே பேசும்.

கருவியின் துளையை மூடுகிற தோல் மெத்தையான பேட் ஒட்டிக்கொள்வது அடுத்த தொல்லை. ஜி-ஷார்ப், கீழ் சி-ஷார்ப், கீழ் ஈ-பிளாட் மூன்றும் ஊதாத நேரத்தில் மூடியே இருப்பவை. எச்சில் ஈரமும் கடற்காற்றும் சேர்ந்து தோலை வளையத்தோடு ஒட்டவைக்கின்றன. வெறும் மெல்லிய கடதாசியைப் பேட்டுக்கு அடியில் வைத்து மெதுவாக மூடி, திறந்தபின் எடுத்தால் ஈரம் வந்துவிடும். மூடியபடியே இழுத்தால் தோல் கிழியும். பவுடர் போட வேண்டாம், அது நாளடைவில் களியாகிவிடும். கரையோரத்தில் வசிக்கிறவர்களின் கருவியில் உருக்கு ஊசி ஸ்பிரிங் துருப்பிடித்து மேடையிலேயே முறிவதும் உண்டு. பெட்டிக்குள் நாலு ரப்பர் பாண்ட் கிடக்கட்டும். முறிந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக அந்தக் கீயை இழுத்துக் கட்டிவிட்டு நிகழ்ச்சியை முடிக்கலாம்.

சுருதியைப் பற்றியும் ஒரு சொல். காற்றின் வெப்பநிலை 1 பாகை மாறினால் ஊதுகருவியின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் நகரும். அரைச் சுரத்துக்கு 100 சென்ட். 31 பாகை முற்றத்தில் இருந்து 22 பாகை மண்டபத்துக்குள் போனால், கருவி மூச்சில் சூடாகும் வரை அரைச்சுரத்தில் கால்வாசிக்கு மேல் இறங்கியே நிற்கும். பேஸின் தந்தி நேர்மாறு, குளிரில் இறுகி ஏறும். ஆகவே மண்டபத்துக்குள்ளேயே பத்து நிமிடம் ஊதிச் சூடாக்குங்கள். ஃப்ரீ ஜாஸில் சுருதி எதற்கு என்று கேட்கக் கூடாது. இரண்டு சுரங்கள் உரசி அலையடிப்பதை வேண்டுமென்று செய்யத் தெரிந்தவருக்குத்தான் அது இசை.

தமிழ்க் காதுக்குச் சாக்சபோன் என்றால் கத்ரி கோபால்நாத் நினைவுக்கு வருவார். அந்த ஆல்டோ கமகத்துக்காக வளைந்து, கீ தட்டுகிற சத்தத்தையும் மூச்சையும் பாட்டுக்குள் மறைத்துவிடும். ஃப்ரீ ஜாஸில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வெறும் காற்று, கீயைத் தட்டும் சத்தம், ஊதிக்கொண்டே தொண்டையால் பாடுகிற உறுமல் எல்லாமே பாவிக்கத்தக்க ஒலிகள்தான். முதலில் பழக வேண்டியது ஓவர்டோன், அதாவது ஒரே பிடியில் எழும்பும் மேற்சுரங்கள்: கீழ் பி-பிளாட்டைப் பிடித்து, விரலை அசைக்காமல், தொண்டையை மட்டும் மாற்றி மேல் பி-பிளாட், பிறகு எஃப், பிறகு அதற்கும் மேல் பி-பிளாட். நாளைக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் மாதக்கணக்கில் வேண்டும். இது வந்தபின்தான் மல்ட்டிபோனிக் (ஒரே நேரத்தில் பல சுரம்) கையில் நிற்கும். கீழ் சி பிடித்து இடக்கை நடுவிரலை மட்டும் எடுத்துப் பாருங்கள், காற்றை மெதுவாகக் கூட்டினால் ஒரு சுரம் இரண்டாகவும் மூன்றாகவும் பிளக்கும். கருவிக்குக் கருவி விளைவு மாறும், உங்கள் கருவியில் பேசுகிற ஆறு பிடிகளைக் கண்டுபிடித்து எழுதிவையுங்கள். உதட்டை இறுக்கினால் மேற்சுரம் மட்டும்தான் தப்பி வரும், அநேகமானவர்கள் தோற்பது இங்கேதான்.

இடத்தைப் பொறுத்தவரை சின்ன அறைதான் நல்லது. லயனல் வென்ட் அழகான அரங்கு, ஆனால் மூன்று பேரின் மெல்லிய ஒலி பின்வரிசைக்குப் போய்ச் சேராது. ஐம்பது அறுபது பேர் இருக்கக்கூடிய கலாசார நிலைய அறை, ஓவியக் கூடம், வீட்டு முற்றம் போன்றவை பொருத்தம். அஸ்பெஸ்டஸ் கூரையென்றால் ஒக்டோபர், நவம்பர் மாலைகளைத் தவிருங்கள். இடைப்பருவ மழை அடித்தால் குசுகுசு ஒலி ஒன்றும் கேட்காது. போயா தினத்தையும் நாட்காட்டியில் பார்த்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திப் பத்து வினாடி அறையைக் கேட்டுவிட்டு, பிறகு போட்டுக் கேளுங்கள். அந்த வித்தியாசத்துக்குக் கீழே நீங்கள் வாசிக்கிற எதுவும் ஆட்களுக்குப் போகாது.

மூவரும் அரைவட்டமாக, ஒன்றரை மீற்றர் இடைவெளியில், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய நிற்க வேண்டும். சாக்சபோன்காரர் முன்னே, ட்ரம்ஸ் பின்னே என்று வழக்கமான இசைக்குழு அமைப்பில் நின்றால் முன்னால் நிற்பவருக்குச் சிம்பல் மட்டும் கேட்கும், பேஸ் கேட்காது. பேஸ் ஆம்பை நிலத்தில் வைக்காமல் கதிரையில் வைத்தால் வாசிப்பவரின் காதுக்கு வரும், ஒலியைக் கூட்ட வேண்டிய தேவையும் குறையும். சாக்சபோனுக்கு மைக் வேண்டாம். கட்டாயம் என்றால் கருவியின் அகன்ற மணிவாய்க்குள் நேரே வைக்காமல், அதற்கும் கீகளுக்கும் நடுவே பார்த்தபடி 40 சென்ரிமீற்றர் தள்ளி வையுங்கள், ஏனென்றால் எல்லாச் சுரமும் மணிவாயால் வருவதில்லை. பதிவுக்குச் சிறிய ரெக்கோடர் போதும்: மூன்று மீற்றர் முன்னே, இரண்டு மீற்றர் உயரத்தில், தானியங்கி ஒலிமட்டத்தை அணைத்துவிட்டு, மிக உரத்த இடத்தில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். தானியங்கியை விட்டால் மௌனத்தில் விசிறிச் சத்தத்தைத் தூக்கிப் பெருப்பித்துவிடும், முடிவு எப்படி விழுந்தது என்று திருப்பிக் கேட்க முடியாமல் போகும்.

இனி ஒத்திகை. ஃப்ரீ ஜாஸுக்கு ஒத்திகையா என்று சிரிக்க வேண்டாம். முதற்பயிற்சி: ஒரு நிமிடத் துண்டு. நேரத்தைப் பார்க்காமல் தொடங்கி, மூவரும் ஒன்றாக முடிக்க வேண்டும். இப்படிப் பத்துத் துண்டு. முதல் வாரம் இரண்டு நிமிடத்துக்கு இழுபடும், பிறகு உடம்புக்கு அளவு பிடிபடும். இரண்டாவது: பத்து நிமிடம் வாசிக்க வேண்டும், எந்நேரமும் ஒருவர் சும்மா இருக்க வேண்டும். யார் என்று கதைத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவது: ஆளுக்கு ஒரே ஒலி. சாக்சபோன் காற்றும் கீயும் மட்டும், பேஸ் பாலத்துக்குப் பின்னால் வில் மட்டும், ட்ரம்ஸ் ஒரு சிம்பல் மட்டும், ஐந்து நிமிடம். நான்காவதுதான் முக்கியம், பலரும் செய்யாமல் விடுவதும் அதுதான்: முடிவை மட்டும் பழகுவது. நடுவில் இருந்தது போலப் பாய்ந்து தொடங்கி, முப்பது வினாடிக்குள் முடிவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மாலையில் இருபது தரம்.

பிழைகளில் மிகப் பொதுவானது குவிந்துபோவது. மெதுவாகத் தொடங்கி ஏழாம் நிமிடத்தில் மூவரும் முழுப் பலத்தோடு இருப்பார்கள். சாக்சபோன் உச்ச ஸ்தாயியில் அலறுகிறது, அதற்கு மேல் போக இடமில்லை. சாக்சபோன் இறங்கட்டும் என்று ட்ரம்ஸ்காரர் பார்க்கிறார், ட்ரம்ஸ் இறங்கினால் இறங்கலாம் என்று சாக்சபோன்காரர் நினைக்கிறார். கடைசியில் மூச்சு முட்டி இசை சரிந்து விழும். உரப்பு உரப்பைத்தான் கூப்பிடும் என்பதே காரணம். மருந்து: உச்சத்தில் ட்ரம்ஸ்காரர் துணிந்து முழுதாக நிறுத்த வேண்டும். அலறிக்கொண்டிருந்த டெனர் திடீரென்று தனியாக நிற்கும், அதே சுரம் அழுகை போலக் கேட்கும். அடுத்த பாதை அங்கே திறக்கும்.

கர்நாடக இசை பழகியவர்களிடம் இரண்டு பழக்கங்களைக் காணலாம். ஒன்று கேள்வி-பதில். சாக்சபோன் சொன்னதை ட்ரம்ஸ் திருப்பிச் சொல்லும். இரண்டு நிமிடம் ரசமாக இருக்கும், அதன்பின் பதில் என்னவென்று சபைக்கு முன்னமே தெரிந்துவிடும். காதுகொடுத்துக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுவதும் கேட்டதன் அடையாளம்தான். மற்றது ஆதார சுருதி. பேஸ்காரர் திறந்த ஈ தந்தியைச் சற்று நேரம் பிடித்தாலே சாக்சபோன்காரர் அதை ஷட்ஜமாக எடுத்து ஆலாபனையில் இறங்கிவிடுவார். ராகம் வருவது குற்றமல்ல. தெரியாமல் வருவதுதான் பிரச்சினை. அப்படி இறங்கிவிட்டது என்று தெரிந்தவுடன் பேஸ்காரர் தந்தியை விட்டுவிட்டால் போதும். அதே நேரத்தில், ஆலாபனையில் ஒரு சுரத்தைத் திறந்து அதிலேயே நின்று விரிக்கத் தெரிந்தவருக்கு இங்கே பெரிய அனுகூலம் உண்டு. அவசரமில்லாமல் நிற்பதைப் புதிதாகக் கற்பிப்பது மிகக் கஷ்டம்.

முடிவு எப்படி வருகிறது என்று கிட்ட நின்று பார்ப்போம். டெனர் ஒரு மல்ட்டிபோனிக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மூன்று சுரங்கள், நடுவே வேகமான அலை. பேஸ்காரர் அதன் கீழ்ச்சுரத்தைக் காதில் பிடித்து, அதற்கு ஒரு மயிரிழை தாழ வில்லை வைக்கிறார். கீழே இரண்டாவதாக ஒரு அலை உருண்டு எழும்புகிறது. விரலை மெல்ல நகர்த்த அது வினாடிக்கு நாலு, மூன்று, இரண்டு என்று தாமதிக்கிறது. ட்ரம்ஸ்காரர் மலெட்டை எடுத்துச் சிம்பலின் விளிம்பைத் தொட்டு உருட்டுகிறார், அடி தனித்தனியாகக் கேட்காத அளவுக்கு மெல்ல. பன்னிரண்டாவது வினாடியில் டெனரின் மூச்சு முடிகிறது. உள்ளே இழுக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்கிறது. பேஸ் அதே கணம் வில்லைத் தூக்குகிறது. டெனருக்கு மறுபடி ஊதக் காற்றிருக்கிறது, ஆனால் ஊதவில்லை. அந்த மூச்சிழுப்புத்தான் தீர்மானம். எண்ணி வைக்க முடியாத தீர்மானம், ஆனால் எடுப்பில் விழுந்தது போலவே மூவரும் சேர்ந்து நிற்கிறார்கள்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள். முடிந்துவிட்டது என்று இரண்டு பேருக்கு விளங்கியபின், மௌனத்துக்குப் பயந்து மூன்றாமவர் ஒரு சிறு தட்டுத் தட்டுவார். உடனே மற்றவர்கள் மரியாதைக்காகத் திரும்பச் சேருவார்கள், நல்ல முடிவுக்குப் பின் ஆறு நிமிடம் வால் வளரும். இதற்கு ஒரு விதியை முன்கூட்டியே பேசிவைக்கலாம்: முழு மௌனம் விழுந்தால் மூவரும் மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும், அதற்குள் கருவியை இறக்கக் கூடாது. ஐந்துக்குள் யாராவது உறுதியான புது ஒலியோடு தொடங்கினால் அது அடுத்த பகுதி. தயக்கமான ஒலியென்றால் யாரும் அதற்குள் போகக் கூடாது, அதைத் தனியே விட்டு அடங்க விட வேண்டும். சபையும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்டிக் உயரத்தில் நிற்கும் வரை ஒருவரும் கைதட்ட மாட்டார்கள். டெனர் வாயில் இருந்து இறங்கியபின்தான் ட்ரம்ஸ்காரர் சிம்பலைக் கையால் பிடிக்க வேண்டும். அதற்கு முன் பிடித்தால், ஆட்கள் மூச்சடக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிற அந்தக் கடைசி இரைச்சல் பாதியில் அறுந்துபோகும்.